பயப்படத் தெரிந்தவர்

முதல்முறை பார்த்தபோது அந்த அக்காவைத்தான் நோயாளி என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு வெளியே நீளமான வராந்தா. பெஞ்சுகளில் இடமில்லாமல் நானும் என் தம்பியும் சுவரோரமாக நின்றிருந்தோம். பக்கத்தில் ஒரு கணவன் மனைவி. கணவர் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையில், மடித்த தமிழ்ப் பேப்பரோடு, பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல அமைதியாக இருந்தார். மனைவிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ தடவிப் பார்ப்பார், மூடுவார். டாக்டர் அறைக் கதவு வரை போய் எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து மறுபடி பையைத் திறப்பார். உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. பெஞ்சில் ஓர் இடம் காலியானதும் நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கணவரிடம் மெதுவாக, இவங்களுக்கு ரொம்ப நாளாவே இப்படியா என்று கேட்டேன்.

அவர் பேப்பரை இறக்கிவிட்டுச் சிரித்தார். "பேஷண்ட் நான்தாம்மா. அவ எனக்குத் துணைக்கு வந்திருக்கா."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. என் தம்பியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்ன மாத்திரை?" என்று கேட்டார். பெயர் கேட்கவில்லை, எந்த ஊர், என்ன ஆளுகள் என்று கேட்கவில்லை. நான் குரலைத் தாழ்த்தி, க்ளோசபின் என்றேன்.

"வீட்டுல இருக்கா?"

"ஒரு அட்டை இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். என் போனை வாங்கித் தன் நம்பரை அவரே அழுத்திக் கொடுத்தார். கிடைக்காத நாள் வரும், வரும்போது என்னைத் தேடாதே, வருவதற்கு முன்னாலேயே கூப்பிடு என்றார்.

அவர்கள் இருந்தது தாராவியில். சேலையின் கீழ் ஓரத்துக்கு ஃபால் துணி வைத்துத் தைத்துக் கொடுப்பது அக்காவின் தொழில். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடுவீடாகப் போய்ச் சேலைகளை வாங்கி வந்து, தைத்து, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுப்பார். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறையில் பர்ஸுக்குத் தோல் வெட்டினார். பட்டறை முதலாளி மேலப்பாளையத்து பாய். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் கூட அவர் இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்காத மனிதர். அண்ணனுக்கு லித்தியம், மனம் தலைகால் தெரியாமல் பொங்கிவிடாமல் பிடித்து வைக்கும் மாத்திரை. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு அவர் காலையில் பட்டறைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்பி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பேப்பர் படித்துத் தூங்கும் மனிதராக இருந்தார். அவர் அப்படி நிம்மதியாக இருப்பதற்காக அக்கா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தார்.

பயம்தான் அவர். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தால் ஒவ்வொரு குமிழையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், உள்ளே மாத்திரை இருக்கிறதா என்று. மழை பெய்தால் ரயில் நிற்கும், ரயில் நின்றால் கடைக்குச் சரக்கு வராது என்று மேகத்தைப் பார்த்தே கவலைப்படுவார். கணபதி, தீபாவளி என்று எந்தப் பண்டிகை வந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது அடைத்திருக்கும் மருந்துக்கடைகள். பின்னாளில் அண்ணனின் தங்கை வீட்டோடு இருக்கலாம் என்று கோவில்பட்டிப் பக்கம் குடிபெயர்ந்து போனபோதும், மதுரையில் எந்தெந்தக் கடையில் லித்தியம் எப்போதும் இருக்கும் என்று விசாரித்து முடித்த பிறகுதான் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் போன் அடித்தால் அது அவர்தான். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. "இருக்கா?" என்பார். இருக்கு என்றால், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்பார். நான் எழுந்து அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை லைனில் இருப்பார். என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பெண் பேசினாலே வீட்டில் யாருக்கோ முடியாமல் போன மாதிரி இருக்கிறது, நன்றாக இருக்கும் பிள்ளையை ஏன் நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறாள் என்பார். தம்பிக்கு அதைவிடக் கோபம். ஒருநாள் நான் அலமாரியிலிருந்து திரும்பியபோது வழியை மறித்து நின்று, "அவங்க ஒரு தடவையாவது நான் எப்படி இருக்கேன்னு கேட்டிருக்காங்களா? மாத்திரை எப்படி இருக்குன்னுதான கேக்கறாங்க" என்றான்.

அவன் சொன்னது நிஜம்தான். ஆனால் எனக்கு அந்தப் போன் வேண்டியிருந்தது. தம்பி கல்லூரி கடைசி வருடத்தில் நோயில் விழுந்தவன். தான் பேசுவதை எதிர் பில்டிங்கில் இருப்பவர்கள் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று ஜன்னலை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்தான். மாற்றி மாற்றிக் கொடுத்த எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. க்ளோசபின்தான் அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது. அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, டாக்டர் பார்வையில் மறுபடி துளித்துளியாக முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்குள் நோய் எழுந்துவிடும். இதெல்லாம் டாக்டர் எங்களுக்குச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டு என்னைப் போலவே இரவில் விழித்துக் கிடக்கும் இன்னொரு ஆள் ஊரில் இருக்கிறார் என்பது எனக்கு ஆறுதல்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னார். பாண்டுப்பில் ஒரு தாய்க்கு, அக்கா தேடி வாங்கிய மாத்திரையைக் கொடுக்கப் போய்விட்டு நாங்கள் திரும்பும்போது, ரயிலில் பெண்கள் பெட்டியில், என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து ஒருமுறை லித்தியம் எங்குமே கிடைக்கவில்லை. கடைக்காரன் நாளைக்கு வரும் என்றான். மறுநாளும் அதையே சொன்னான்.

"நானும் நம்பி, சோறு பொங்கி, துணி தொவைச்சிட்டு இருந்தேன். ஒருநா அவிய தையல் மிஷினத் தூக்கி ரோட்டுல போற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாவ. சந்தோசமாக் குடுத்தாவ, கேட்டியா? பொறவு ரயில் ஏறிட்டாவ. கல்யாண் ஸ்டேஷன் தாண்டி எங்கேயோ சட்டையில்லாம நின்னாவன்னு போலீஸ் கூட்டிட்டு வந்தது. அன்னைலருந்து யாரும் நாளைக்குன்னு சொன்னா, அப்பவே அடுத்த கடைக்கு ஓடிருவேன்."

அதன்பிறகு அவர் அண்ணனைத் தனியாக ரயில் ஏற விட்டதில்லை. அண்ணனும் கேட்டதில்லை.

ஊரில் அந்த மாத்திரைகள் கிடைப்பதே அப்படித்தான். பெரிய கடைகள் கூட அவற்றை அதிகம் வாங்கி வைப்பதில்லை. கேட்பவர்கள் குறைவு. வரத்து நின்றால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும். அக்காவுக்கு தாதரில் ஒரு கடை, பாண்டுப்பில் ஒரு கடை, உல்லாஸ்நகரில் மொத்தமாக விற்கும் ஒருவர் என்று ஆட்கள் தெரியும். சேலை கொடுக்கப் போகும் வழியில் விசாரிப்பார். யாருக்கு வாங்கினாலும் டாக்டர் சீட்டின் நகல் இல்லாமல் தொடமாட்டார். ஒருவர் அட்டையிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். ஆனால் விசாரிக்கும்போது யாருடைய பெயரையும் சொல்லமாட்டார். இந்த மாதிரி மாத்திரையைக் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, யாருக்கு என்று கேட்பார். நானாக இருந்தால் உளறுவேன். அக்கா கூட்டத்துக்கு நடுவில், "மேரே லியே" என்று அடித்துச் சொல்வார். எனக்குத்தான். பாதிக் கடைக்காரர்கள் அவரைப் பைத்தியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிம்மதியில்லாத அந்தக் கண்களும் ஓயாத கைகளும் அதற்குத் தோதாக இருந்தன.

அந்த வருடம் மழைக்காலத்தில் க்ளோசபின் காணாமல் போனது.

முதலில் எங்கள் பக்கத்துக் கடையில் இல்லை. பிறகு செம்பூர் முழுவதும் இல்லை. ஆஸ்பத்திரி மருந்தகத்திலும் கையை விரித்துவிட்டார்கள். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு குடையோடு கடை கடையாக ஏறினேன். எப்படியாவது தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் அட்மிட் செய்துவிடலாம் என்றார் டாக்டர். தம்பி அப்போதுதான் மாட்டுங்காவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கடையில் யாருக்கும் அவன் நோய் தெரியாது. அட்மிட் என்றால் அந்த வேலை போய்விடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை இரவு கடைசி மாத்திரையைப் போட்டான். சனிக்கிழமை மத்தியானம் எழுந்து போய் ஜன்னலை மூடினான். சாரல் அடித்ததால்தான் மூடினானா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் போய் ஜன்னல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனம் அடங்கவில்லை.

அன்று காலையிலேயே அக்கா உல்லாஸ்நகர் போயிருந்தார். தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது புடவை முழங்கால் வரை சேறு. பையிலிருந்து பிளாஸ்டிக் கவரைப் பிரித்து மூன்று அட்டைகளை எடுத்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாங்கப் போனேன். அக்கா கொடுக்கவில்லை.

பழைய காலி அட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். புதிய அட்டையில் எழுத்து வெளிறியிருந்தது. மாத்திரையின் மஞ்சளும் கொஞ்சம் வேறு மாதிரி. வழக்கமான ஆள் கடையில் இல்லை, வேறு யாரோ எடுத்துக் கொடுத்தார், பில் புத்தகம் நனைந்துவிட்டது என்று பில்லும் தரவில்லை என்றார். டாக்டருக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை.

"அக்கா, வேற வழியில்ல. இதையே குடுத்துடலாம்," என்றேன்.

"போலியா இருந்தா?"

"இருந்தா என்ன, இப்பவும் ஒண்ணும் இல்லாமத்தான இருக்கான்?"

"இப்ப இல்லன்னு தெரியும். பயந்துகிட்டாவது இருப்போம். இதப் போட்டுட்டா மாத்திரை போட்டாச்சுன்னு நீ நம்பி இருப்ப. அவனும் நம்பி இருப்பான். உள்ள ஒண்ணும் போயிருக்காது."

காலையில் தெரிந்த கெமிஸ்ட் ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரை திறக்கக் கூடாது என்று இரண்டு அட்டைகளை என் கையில் வைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அவர் படியிறங்கியதும் அம்மா கத்தித் தீர்த்துவிட்டார். தாகத்தில் கிடக்கிறவனிடம் தண்ணீரைக் காட்டிவிட்டு மூடி வைக்கச் சொல்கிறாளே, அவள் யார் என்று கேட்டார். எனக்கும் அதே கோபம்தான். அட்டைகளை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். தம்பி தூங்காமல் புரள்வது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் ஒன்றைப் பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று உட்காருவேன். அக்கா சொன்னது நினைவுக்கு வரும். மறுபடி படுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. அக்காவின் நம்பர். பேசியது அண்ணன்.

"தம்பிக்கு மாத்திரையக் குடுங்கம்மா. நல்ல மாத்திரைதான்."

"கெமிஸ்ட் சொன்னாரா?"

"கெமிஸ்ட் இல்லம்மா. ஞாயித்துக்கெழமை அவரு கடை கெடையாதாம். அவளே ஒண்ணு போட்டுப் பாத்துட்டா."

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொல்ல முயன்றார். "காலைல ரெண்டு இட்லி தின்னுட்டுப் போட்டா. எனக்குத் தூக்கம் வந்தா ஒரிஜினல், அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிருங்கன்னா. தூங்கிட்டாம்மா. அதச் சொல்லத்தான் போட்டேன். ஆனா எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கா. எனக்குப் பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் வாரியளா?"

நான் திரும்பியபோது தம்பி பின்னால் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அம்மா மாத்திரையும் தண்ணீருமாக வந்தார். அவன் அதை வாங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, நானும் வரேன் என்றான். நான் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

தாராவியில் அவர்கள் இருந்தது ஒரு மாடி அறை. தெருவிலிருந்து செங்குத்தான இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அக்கா பாயில் மல்லாந்து கிடந்தார். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. மூச்சு இருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, கூப்பிட்டால் இமை மட்டும் லேசாக அசைந்தது. எப்போதும் எதையாவது தேடிக்கொண்டிருக்கும் அந்தக் கைகள் இரண்டும் பக்கத்தில் சும்மா கிடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. தம்பி முட்டி போட்டு உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"எனக்கு ஆரம்பத்துல துண்டு துண்டாத்தான் குடுத்தாங்க," என்றான். "இவங்க முழு மாத்திரை போட்டிருக்காங்க. ப்ரெஷர் இறங்கியிருக்கும். தூக்கலாம்."

அவன் முதுகில் அவரைச் சாத்தி, சேலையால் சேர்த்துக் கட்டி, பக்கத்து வீட்டு ஆட்கள் கீழிருந்து தாங்க, ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினான். மழையில் படிகள் வழுக்கின. அண்ணன் மேலே நின்று ஒவ்வொரு படிக்கும், பாத்து பாத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். அண்ணன் நீட்டிய அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இவருக்கு மனநோய் உண்டா என்று இந்தியில் கேட்டாள். இல்லை. பிறகு இதை ஏன் சாப்பிட்டார், வீட்டில் ஏதாவது சண்டையா? மூலை மேஜையில் இருந்த கான்ஸ்டபிள் எழுந்து வந்தார். இது யாருடைய மாத்திரை என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. அவர் விரல்கள் நடுங்கின. அவை எப்போதும் கொஞ்சம் நடுங்கும், லித்தியத்தின் பக்க விளைவு அது, ஆனால் கான்ஸ்டபிள் அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டார். சுற்றிலும் கட்டுப் போட்டவர்கள், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தம்பியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

தம்பி முன்னால் வந்தான். அது என் மாத்திரை என்று இந்தியில் சொன்னான். தன் நோயின் பெயரைச் சொன்னான். எங்கள் வீட்டுக்குள் கூட அவன் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எவ்வளவு காலமாக, என்ன அளவில் சாப்பிடுகிறான், இப்போது எங்குமே கிடைக்கவில்லை, கிடைத்தது போலியோ என்று இவருக்குச் சந்தேகம், எனக்குக் கொடுப்பதற்கு முன்னால் தானே போட்டுப் பார்த்திருக்கிறார் என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தான். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் எத்தனை காப்பி என்று கேட்கும் குரல் அது.

கான்ஸ்டபிள் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். டாக்டர் அதற்குள் ஸலைன் ஏற்றத் தொடங்கியிருந்தாள். இது எவ்வளவு பெரிய மடத்தனம் தெரியுமா, வயதான உடம்பாக இருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று எங்களையே திட்டினாள். திட்டி முடித்ததும் தம்பி அவளிடம், வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசியாகப் போட்டேன், இன்னும் இரண்டு நாள் ஆகவில்லை, பழைய அளவையே போடலாமா என்று கேட்டான். அவள் மேல் டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டு, போடு, ஆனால் வண்டி ஓட்டாதே, உன் அக்கா பக்கத்திலேயே இரு என்றாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கையை நீட்டினான். அதுவரை தினமும் நான்தான் பிரித்துக் கொடுப்பேன். விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். அன்று அவனே பிரித்தான், போட்டான், தண்ணீர் குடித்தான். நான் எதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் அக்காவுக்கு நினைவு தெளிந்தது. நாக்கு இன்னும் குழறியது. டாக்டர் வந்து மறுபடி ஒருமுறை திட்டினாள். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"தப்புதான். வேற யாருக்குக் குடுத்துப் பாக்க?" என்று தமிழில் சொன்னார். அதை நான் டாக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிறகு நடந்ததை அண்ணன் சொல்லக் கேட்டதும் அவர் எழுந்து உட்காரப் பார்த்தார். "எதுக்குல சொன்ன?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவ்வளவு பேருக்கு முன்னால. வேலைக்குப் போற பிள்ள. யாராவது தெரிஞ்சவன் இருந்திருந்தா?"

"கேட்டாங்க, சொன்னேன்," என்றான் தம்பி. "படுங்கக்கா."

அவர் படுத்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, திரும்பாமலே, "நீ எப்பிடிடா இருக்க?" என்று கேட்டார். நல்லா இருக்கேன்க்கா என்றான்.

அந்த மாதக் கடைசியில் மாத்திரை மறுபடி கடைகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அக்காவுக்கு உடம்பு தேற நாளானது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. சேலைகள் மூட்டையாகக் கிடந்தன. பாண்டுப்பில் அந்தத் தாய்க்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய மாத்திரையும் வீட்டிலேயே இருந்தது. நான் போகிறேன் என்றேன். அதற்குள் அண்ணன், தானே போவதாகச் சொல்லிவிட்டாராம். அக்கா முடியவே முடியாது என்றிருக்கிறார். அண்ணன் வாதாடவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. அன்று சாயங்காலம் ஆபீஸ் முடிந்து மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வந்தபோது, பிளாட்பாரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் அக்கா நிற்பதைப் பார்த்தேன். ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தார். மறு கையில் போன். ஒவ்வொரு ரயிலாக வந்து நின்று, கூட்டத்தைக் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் கண்கள் இறங்குகிறவர்களின் முகங்களில் ஓடின.

விஷயத்தைச் சொன்னார். ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்றேன்.

"போன் போட மாட்டேன்னு என்னையச் சொல்ல வச்சிட்டுத்தான் வீட்ட விட்டுக் கெளம்பினாவ."

இன்னொரு ரயில் வந்தது. அண்ணன் இல்லை. அக்காவின் உதடுகள் அசையத் தொடங்கின. பாண்டுப்பில் இறங்காமல் தூங்கிவிட்டிருந்தால், கூட்டத்தில் தள்ளிவிட்டிருந்தால், அப்படியே கல்யாண் பக்கம் போயிருந்தால் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். போனின் மேல் கட்டைவிரல் வந்து நிற்கும், விலகும், மறுபடி வந்து நிற்கும். ஒருமுறை நானே எடுத்துக் கூப்பிட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவர் அழுத்தவில்லை. அவ்வளவு நேரம் அழுத்தாமல் நின்றார்.

அடுத்த ரயிலில் வெளிர்நீலச் சட்டை தெரிந்தது. அண்ணன் நிதானமாக இறங்கி, கூட்டம் நகரட்டும் என்று ஒதுங்கி நின்றார். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினார். தலைசுற்றல் எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே கீரை விற்கும் பெண் முன்னால் குந்தி உட்கார்ந்து வெந்தயக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது.

அண்ணன் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார். என்னிடம் ஆபீஸ் முடிந்ததா என்று விசாரித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "கீரை வாங்க வந்தியா?" என்றார்.

"ஆமா. இங்கதான் நல்லா இருக்கும்."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார். கீரைக்கட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த அம்மாவிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன், நாளைக்கு முலுண்டில் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது இல்லையா, அதையும் நானே கொண்டுபோகிறேன் என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணி ரயிலில் போவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

மறுநாளும் அக்கா கீரை வாங்க ஸ்டேஷனுக்குப் போனாராம். அந்த வாரம் முழுக்க வீட்டில் வெந்தயக்கீரைதான் என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.